முகக்கவரிச் சண்டை: கேள்வியை யாரிடம் கேட்பது?



கோவிட் காலத்துக் கட்டாய முகக்கவரி இந்நாட்டில் முடிந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. திறந்த வெளியில் 2022 மே மாதத்திலிருந்தும், கட்டடங்களுக்குள் 2022 செப்டம்பரிலிருந்தும், பஸ், ரயிலில் 2023 ஜூலையிலிருந்தும் அது அவரவர் விருப்பம் என்றானது. ஆனால் அந்தத் துண்டுத் துணி கிளப்பிவிட்ட சண்டை இன்னும் அடங்கவில்லை. "எல்லாரும் சேர்ந்து நம்மை ஏமாற்றிவிட்டார்கள்" என்கிறது ஒரு தரப்பு. "உங்களைப் போன்றவர்களால்தான் நோய் பரவியது" என்கிறது மறுதரப்பு. கல்யாண வீட்டிலும் கருமாதி வீட்டிலும் இந்தப் பேச்சு எழுந்தால் அண்ணன் தம்பிகூட முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

இந்தச் சண்டையில் உங்கள் இயக்கம் எந்தப் பக்கம் என்று பலர் கேட்கிறார்கள். நேராகவே சொல்லிவிடுகிறோம். மூச்சில் பரவும் நோய் வரும்போது முகக்கவரி அணிவது நம் கடமை. அதை அணியச் சொல்லிச் சட்டம் போடுகிறவர்களுக்கும் இரண்டு கடமைகள் உண்டு. வாங்க முடியாதவனுக்கு அதைக் கொடுக்க வேண்டும். சட்டத்தை எல்லார் மீதும் ஒரே மாதிரி செலுத்த வேண்டும். நம்முடைய கடமையை மட்டும் உரக்கப் பேசிவிட்டு அவர்களுடைய கடமையை அமுக்கிவிட்டார்கள். அதனால்தான் மேலே கேட்க வேண்டிய கேள்வியைப் பக்கத்து வீட்டுக்காரனிடம் கேட்டு நாம் அடித்துக்கொண்டோம்.

பினாங்கு டாக்டர் கண்ட எதிர்ப்பு

முகக்கவரிச் சண்டை நம் காலத்தில் பிறந்ததல்ல. அதன் தொடக்கத்தில் நிற்பவரே நம் மண்ணைச் சேர்ந்தவர்தான். அவர் 1879-இல் பினாங்கில் பிறந்த டாக்டர் வூ லியன் தே. 1910-ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவில் கொள்ளைநோய் பரவியபோது சீன அரசு அவரை அங்கே அனுப்பியது. எலி, தெள்ளுப்பூச்சி வழியாகத்தான் அந்நோய் பரவும் என்று மற்றவர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். இந்த நோய் மனிதனின் மூச்சிலும் இருமலிலும் பரவுகிறது என்று அவர் சொன்னார். பஞ்சையும் மெல்லிய துணியையும் அடுக்கிச் செய்த கவரியை அணியும்படி டாக்டர்களையும் ஊழியர்களையும் கேட்டுக்கொண்டார்.

அன்றும் மறுத்தவர் இருந்தார். மெஸ்னி என்ற மூத்த பிரெஞ்சு டாக்டர், ஒரு சீனர் சொல்லி நான் கேட்பதா என்று வூவை அவமதித்தார். கவரி இல்லாமலே நோயாளிகளைப் பார்த்தார். சில நாள்களில் அதே நோயில் இறந்தார். 1911-இல் அந்நோய் அடங்குவதற்குள் சுமார் 60,000 பேர் மாண்டார்கள். வூ 1937-இல் மலாயாவுக்குத் திரும்பி ஈப்போவில் மருத்துவம் பார்த்தார். கவரியின் வரலாற்றில் இவ்வளவு பெரிய இடம் நம் நாட்டவருக்கு இருக்கிறது. ஆனாலும் "இது வெள்ளைக்காரன் சதி" என்றும் "சீனாக்காரன் வியாபாரம்" என்றும் நம்மிடையே வாட்சப்பில் சுற்றியது!

இன்னொரு நிகழ்ச்சியையும் பாருங்கள். 1918-இல் உலகமெங்கும் விஷக்காய்ச்சல் பரவியபோது அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரம் முகக்கவரியைக் கட்டாயமாக்கியது. அணியாதவர்களுக்கு அபராதமும் சிறையும் கிடைத்தன. 1919 ஜனவரியில் அந்த ஆணை மீண்டும் வந்தபோது, முகக்கவரியை எதிர்ப்பதற்கென்றே அங்கே ஒரு சங்கம் கூடியது. அதே நகரத்தின் மேயர் ஒரு குத்துச்சண்டைப் போட்டியில் கவரி இல்லாமல் உட்கார்ந்திருந்தது படத்தில் சிக்கியது. அவருடைய சொந்தப் போலீஸ் தலைவரே அவருக்கு 50 டாலர் அபராதம் போட்டார். சட்டம் போட்ட இடத்துக்கே அபராதம்! இந்த விவரத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

நேற்று வேண்டாம், இன்று கட்டாயம்

மக்கள் ஏன் நம்ப மறுத்தார்கள்? அறியாமை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது சுலபம். ஆனால் நடந்ததை வரிசையாகப் பாருங்கள்.

2020-இன் தொடக்கத்தில், உடல்நலமாக இருப்பவர்களுக்கு முகக்கவரி தேவையில்லை என்பதுதான் உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இங்கேயும் சிங்கப்பூரிலும் அரசுகள் அதையேதான் சொல்லின. இருக்கும் கவரிகள் மருத்துவமனை ஊழியர்களுக்கு வேண்டும் என்பதும் ஒரு காரணம். பிறகு 2020 ஏப்ரல் 3-இல் சிங்கப்பூர் தன் நிலையை மாற்றிக்கொண்டது. ஏப்ரல் 14 முதல் வெளியே வருகிறவர்கள் கவரி அணிந்தே ஆக வேண்டும், முதல் தடவை தவறினால் 300 வெள்ளி அபராதம் என்றது. ஜூன் 5-இல் உலகச் சுகாதார நிறுவனமும் தன் அறிவுரையை மாற்றியது. மலேசியாவில் ஆகஸ்ட் 1 முதல் பொதுப் போக்குவரத்திலும் நெரிசலான இடங்களிலும் கவரி கட்டாயம், தவறினால் 1,000 ரிங்கிட் என்று ஆனது.

மாற்றத்துக்கு நியாயமான காரணம் இருந்தது. இருமலோ காய்ச்சலோ இல்லாதவரும் நோயைப் பரப்புகிறார் என்பது அந்த மாதங்களில்தான் தெளிவானது. தனக்கு நோய் இருப்பதே தெரியாதவர் எப்படி "நோயாளி மட்டும் அணிக" என்ற விதியைப் பின்பற்றுவார்? ஆகவே எல்லாரும் அணிய வேண்டியதாயிற்று. ஆனால் "முன்பு சொன்னதை மாற்றுகிறோம், காரணம் இதுதான்" என்று உழைக்கும் மக்களுக்குப் புரியும் மொழியில், தமிழில், எத்தனை பேர் வந்து சொன்னார்கள்? விளக்கம் வரவேண்டிய இடத்தில் அபராதம் வந்தது. வெற்றிடத்தை வதந்தி நிரப்பியது. சந்தேகப்பட்ட மக்களை முட்டாள்கள் என்று ஏசுவதற்கு முன் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சரி, கவரியால் பயன் உண்டா? உண்டு. ஆனால் அது மந்திரக் கவசம் அல்ல. வங்காளதேசத்தில் 600 கிராமங்களில், சுமார் 340,000 பெரியவர்களிடையே 2020 இறுதியிலிருந்து 2021 வரை ஓர் ஆய்வு நடந்தது. சில கிராமங்களில் வீடு வீடாகக் கவரியை இலவசமாகக் கொடுத்தார்கள். ஊர்ப் பெரியவர்களும் இமாம்களும் எடுத்துச் சொன்னார்கள். தெருவில் அணியாதவர்களைக் கண்டால் அன்பாக நினைவூட்டினார்கள். முன்பு நூற்றுக்கு 13 பேர் அணிந்த இடத்தில் 42 பேர் அணிந்தார்கள். மருத்துவக் கவரி கொடுத்த கிராமங்களில் அறிகுறியோடு கூடிய தொற்று சுமார் 11 விழுக்காடு குறைந்தது. 60 வயதைத் தாண்டியவர்களிடையே 35 விழுக்காடு குறைந்தது. துணிக் கவரியின் பலன் அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை.

2023-இல் காக்ரேன் என்ற அமைப்பு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, உறுதியான விடை கிடைக்கவில்லை என்றது. உடனே "கவரியால் பயனில்லை என்று நிரூபித்துவிட்டார்கள்" என்று பரப்பினார்கள். அது தவறான பொருள் என்று அந்த அமைப்பின் தலைமை ஆசிரியரே அறிக்கை விட வேண்டியதாயிற்று. ஆய்வு நடந்த இடங்களில் சொல்லப்பட்டவர்களில் பலர் ஒழுங்காக அணியவே இல்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

வங்காளதேச ஆய்வில் நமக்கு முக்கியமானது வேறொன்று. அந்த மக்கள் நம்மைவிட ஏழைகள். அவர்களை அணிய வைத்தது அபராதம் அல்ல. இலவசக் கவரியும், தெரிந்த மனிதரின் வாய்ச்சொல்லும்தான்.

ஆயிரம் ரிங்கிட்டின் கணக்கு

இங்கே நடந்தது என்ன? கட்டாயமாக்கப்பட்ட நாளில் மூன்று அடுக்குக் கவரி ஒன்றின் உச்சவரம்பு விலை 1 ரிங்கிட் 50 சென். ஆகஸ்ட் 15-இல் அது 1 ரிங்கிட் 20 சென் ஆனது. நவம்பரில்தான் 70 சென்னுக்கு வந்தது. ஐந்து பேர் உள்ள குடும்பம் ஆளுக்கு ஒன்று வீதம் தினமும் பயன்படுத்தினால், 1 ரிங்கிட் 20 சென் விலையில் ஒரு நாளைக்கு 6 ரிங்கிட். மாதம் 180 ரிங்கிட். அந்த ஆண்டு குறைந்தபட்சச் சம்பளம் நகராட்சிப் பகுதிகளில் 1,200 ரிங்கிட், மற்ற இடங்களில் 1,100 ரிங்கிட். சம்பளத்தில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு கவரிக்கே போய்விடும்!

அரசு இலவசமாகக் கொடுக்கவே இல்லையா? 2020 ஏப்ரலில், குடும்பத்துக்கு நான்கு கவரி வழங்கப்படும் என்று அறிவித்தது. ஐந்து பேர் குடும்பத்துக்கு அது ஒரு நாளைக்கே போதாது. துணிக் கவரிக்கு அனுமதி இருந்தது உண்மை. நம் பெண்கள் பழைய பருத்திச் சேலையைக் கிழித்துத் தைத்தார்கள். ஆனால் பல வீடுகளில் நடந்ததை நீங்களே அறிவீர்கள். கதவோர ஆணியில் தொங்கிய ஒரே நீலக் கவரியைப் பிள்ளைகள் மூன்று நாள், நான்கு நாள் மாட்டிக்கொண்டு போனார்கள். அது நோயைத் தடுக்கவில்லை, அபராதத்தைத்தான் தடுத்தது.

இனி அபராதத்தைப் பாருங்கள். 1,000 ரிங்கிட் என்பது சொகுசுக் கார் ஓட்டுகிறவருக்கு ஒரு நாள் விருந்துச் செலவு. பாதுகாவலர் வேலை செய்பவருக்கு அது ஒரு மாத வாழ்க்கை. அதோடு நிற்கவில்லை. 2021 ஜனவரி 12-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு நாடாளுமன்றம் கூடாமல் இருந்தபோது, அவசரச் சட்டம் மூலம் மார்ச் 11 முதல் தனிநபர் அபராதத்தின் உச்சவரம்பை 10,000 ரிங்கிட்டாக உயர்த்தினார்கள். எட்டு மாதச் சம்பளத்துக்கும் மேல்! கிளந்தானில் பர்கர் விற்ற ஒரு சிறு வியாபாரிக்கு, நேரம் கடந்து கடை திறந்ததற்காக 50,000 ரிங்கிட் அபராதம் எழுதப்பட்டதும் நாடே கொதித்தது. அதன் பிறகுதான் குற்றத்துக்கு ஏற்றபடி தொகையைக் குறைக்கும் பேச்சே வந்தது.

மருந்து அடித்த நம் தாய்மார்கள்

முகக்கவரி என்றதும் தோட்டப்புறத்தில் பிறந்தவர்களுக்கு இன்னொன்று நினைவுக்கு வர வேண்டும்.

செம்பனை, ரப்பர் தோட்டங்களில் முதுகில் மருந்துப் பம்பைச் சுமந்து புல்லுக்கு மருந்து அடித்தவர்கள் யார்? பெரும்பாலும் நம் தமிழ்ப் பெண்கள். அந்த மருந்தில் ஒன்று பாராகுவாட் என்ற கொடிய நஞ்சு. 2002-இல் தெனாகானித்தா அமைப்பும் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பு ஒன்றும் சேர்ந்து தோட்டங்களில் நடத்திய ஆய்வு, இந்தப் பெண்களின் நிலையை வெளியே கொண்டுவந்தது. மூக்கில் ரத்தம், கண் எரிச்சல், தோல் புண், நகம் கழன்று விழுதல் என்று அவர்கள் வரிசையாகச் சொன்னார்கள். ஒழுங்கான பாதுகாப்புக் கவசம் பலருக்குக் கிடைக்கவில்லை. முகத்தில் கட்டிக்கொண்டது ஒரு கைத்துண்டு அல்லது பழைய துணி.

அதே 2002-இல் பாராகுவாட்டைப் படிப்படியாகத் தடை செய்வதாக அரசு அறிவித்தது. 2006-இல் அந்தத் தடையைத் தளர்த்தியது. முழுத் தடை நடைமுறைக்கு வந்தது 2020 ஜனவரி 1-இல். அறிவிப்புக்கும் தடைக்கும் இடையே 17 ஆண்டுகளுக்கும் மேல்!

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் தாய்மார்களின் மூக்கையும் வாயையும் நஞ்சிலிருந்து காக்க வேண்டிய இடத்தில், முதலாளியின் வசதிக்காக 17 ஆண்டுகளுக்கும் மேல் பொறுத்திருந்தார்கள். அதே 2020-ஆம் ஆண்டில், தொழிலாளியின் முகத்தில் கவரி இல்லை என்றால் அபராதம் போட ஒன்பது நாள் அவகாசம் போதுமாக இருந்தது. ஜூலை 23-இல் அறிவிப்பு, ஆகஸ்ட் 1-இல் நடைமுறை. சட்டத்தால் வேகமாகச் செயல்பட முடியாது என்று இனி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். யார் மீது என்பதைப் பொறுத்துத்தான் அதன் வேகம்.

நாங்கள் சொல்வது கவரி தவறு என்பதல்ல. மருந்து அடிக்கும்போது அது எவ்வளவு அவசியமோ, தொற்றின்போதும் அவ்வளவு அவசியம். ஆனால் பாதுகாப்புக் கருவியைத் தொழிலாளி தன் கைக்காசில் வாங்க வேண்டும், வாங்காவிட்டால் குற்றவாளி என்பது எந்த நியாயம்?

அமைச்சருக்கு ஒரு சட்டமா?

சான்பிரான்சிஸ்கோ மேயரை மறந்திருக்க மாட்டீர்கள். இங்கே நடந்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

2020 ஜூலையில் ஓர் அமைச்சர் துருக்கியிலிருந்து திரும்பினார். தனிமைப்படுத்திக்கொள்ளாமல் நாடாளுமன்றத்துக்கும் நிகழ்ச்சிகளுக்கும் போய்வந்தார். அவர் யார் தெரியுமா? அன்று நம் தோட்டத் தொழிலுக்குப் பொறுப்பாக இருந்த அமைச்சர் கைருடின் அமான் ரசாலி. ஆகஸ்ட்டில் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அவருக்குக் கிடைத்தது 1,000 ரிங்கிட் அபராதம். தம் நான்கு மாதச் சம்பளத்தைக் கோவிட் நிதிக்குக் கொடுப்பதாக அவரே அறிவித்தார். வழக்கு இல்லை. அவரைத் தனிமைப்படுத்தும் ஆணைப் படிவமே கொடுக்கப்படவில்லை என்பது காரணமாகச் சொல்லப்பட்டது.

அதே ஆகஸ்ட்டில் கெடாவில், இந்தியாவிலிருந்து திரும்பித் தனிமை ஆணையை மீறிய உணவகக்காரர் ஒருவருக்கு ஐந்து மாதச் சிறையும் 12,000 ரிங்கிட் அபராதமும். எழுபது வயதைத் தாண்டிய ஒரு மூதாட்டிக்கு ஒரு நாள் சிறையும் 8,000 ரிங்கிட் அபராதமும். உணவகக்காரர் மூலம் பலருக்கு நோய் தொற்றியது; அவர் செய்ததை நாங்கள் நியாயப்படுத்தவில்லை. இவர்களுக்கு ஆணை கொடுக்கப்பட்டிருந்தது, அமைச்சருக்குக் கொடுக்கப்படவில்லை என்ற சட்ட வேறுபாடும் எங்களுக்குத் தெரியும். ஆனால் நாங்கள் கேட்பது அதற்கும் முந்திய கேள்வி. சாதாரண மனிதனுக்குத் தவறாமல் நீட்டப்பட்ட படிவம், அமைச்சர் வந்தபோது ஏன் நீட்டப்படவில்லை?

சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிறது நம் கூட்டரசு அரசியலமைப்பின் 8-ஆவது பிரிவு. முகக்கவரிக்கு எதிராக வளர்ந்த வெறுப்பில் பாதி இந்தச் சமமின்மையால் வளர்ந்தது என்பது எங்கள் கருத்து. மேலே உள்ளவர் அணிந்தால், மேலே உள்ளவரும் தண்டிக்கப்பட்டால், கீழே உள்ளவன் முணுமுணுக்காமல் அணிந்திருப்பான்.

கவரியின் பெயரால் இனவெறி

சிறுபான்மையினராகிய நாம் கவனிக்க வேண்டிய இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. 2021 மே மாதம் சிங்கப்பூரின் சுவா சூ காங் வட்டாரத்தில் ஓர் இந்தியப் பெண் வேக நடையாகப் போய்க்கொண்டிருந்தார். உடற்பயிற்சியின்போது கவரியை இறக்கிக்கொள்ள விதி அனுமதித்தது. எதிரே வந்த ஓர் ஆடவர் அவரைக் கவரியை ஏற்றச் சொல்லிக் கூச்சலிட்டார். இனத்தைச் சொல்லித் திட்டினார். நெஞ்சில் எட்டி உதைத்தார். 2023 ஜூலையில் நீதிமன்றம் அந்த ஆடவருக்கு நான்கு வாரச் சிறை விதித்தது.

விதியை மீறாதவருக்கு விதியின் பெயரால் உதை! பொதுநலம் பேசிக்கொண்டே இனவெறியைக் கக்கலாம் என்பதற்கு இது சாட்சி. அந்தப் பெண் அஞ்சி ஒதுங்கிவிடவில்லை. போலீசில் புகார் கொடுத்தார், நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். அதனால்தான் தீர்ப்பு கிடைத்தது.

அணிய மறுத்தவர்களே, அணிந்தவர்களே

"என் முகம், என் உரிமை" என்று சொன்ன சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. உரிமைக்காகவே போராடும் இயக்கம் இது. ஆனால் எல்லா உரிமையும் ஒரே வகை அல்ல. நடமாடும் உரிமையைத் தரும் அரசியலமைப்பின் 9-ஆவது பிரிவே, பொதுச் சுகாதாரத்துக்காகச் சட்டம் அதைக் கட்டுப்படுத்தலாம் என்றும் சொல்கிறது. சட்டத்தை விடுங்கள். நாம் குடியிருப்பது பிபிஆர் அடுக்குமாடிகளில். பதினேழு மாடிக்கு ஓடுவது ஒரே லிப்ட் என்ற நாள்கள் எத்தனை! அதில் பத்துப் பேர் நெருக்கிக்கொண்டு நிற்கும்போது உங்கள் மூச்சு உங்களுடையது மட்டும் அல்ல. பங்களாவில் இருப்பவர் கவரியைக் கழற்றினால் பாதிக்கப்படுவது அவர் குடும்பம். 700 சதுர அடி வீட்டில், பாட்டியும் பேரப்பிள்ளையும் ஒரே அறையில் படுக்கும் நம் வீட்டில், வெளியிலிருந்து வரும் நோய்க்கு ஒதுங்க இடமில்லை. இந்நாட்டில் கோவிட்டால் இறந்தவர்கள் 37,000 பேருக்கும் மேல். கழற்றி எறிவது நமக்குக் கட்டுப்படியாகாத வீரம்.

அணிந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. கவரியைத் தாடைக்கு இறக்கித் தண்ணீர் குடித்த தொழிலாளியைப் படம் பிடித்து வாட்சப்பில் போட்டவர்கள் நம்மிலும் உண்டு. எட்டு மணி நேரம் வெயிலில் ரோடு கூட்டுபவர், மூச்சிரைப்பு உள்ளவர், முகத்தில் எதையும் வைக்க விடாத ஆட்டிசம் உள்ள பிள்ளை, இவர்கள் எல்லாரும் பொறுப்பற்றவர்கள் அல்லர். ஒரு கவரியை நீட்டி "வச்சுக்குங்கண்ணே" என்று சொல்வது படம் பிடிப்பதைவிடச் சுலபம். 2021 நடுவில் சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள் வீட்டு வாசலில் வெள்ளைக்கொடி கட்டியபோது இன்னார் இனியார் என்று பாராமல் அரிசி மூட்டை தூக்கியவர்கள்தாம் நாம். அந்தக் கை கவரிக்கும் நீண்டிருக்கலாம்.

அடுத்த முறை என்ன செய்வது?

நோய் திரும்ப வரலாம். புகைமூட்டம் 2015-இலும் 2019-இலும் வந்ததுபோல் மீண்டும் வரும். அப்போது நீங்கள் அறிந்திருக்க வேண்டியவை இவை.

1. வேலை இடத்தில் கவரி தேவை என்றால் முதலாளியிடம் கேளுங்கள். 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, தொழிலாளியின் பாதுகாப்பு முதலாளியின் கடமை என்கிறது. அந்தச் சட்டத்தின்படி கொடுக்க வேண்டிய எதற்கும் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது என்கிறது 26-ஆவது பிரிவு. புகார் செய்ததற்காக வேலையை விட்டு நீக்குவதை 27-ஆவது பிரிவு தடுக்கிறது. 2024 ஜூன் 1 முதல் இச்சட்டம் ஏறக்குறைய எல்லா வேலை இடங்களுக்கும் விரிந்துள்ளது. வீட்டுப் பணியாளர்களை இன்னும் வெளியே விட்டிருக்கிறார்கள். அதற்காகவும் நாம் குரல் கொடுக்க வேண்டும்.

2. கொடுத்த கவரியை அணியுங்கள். கொடுக்கப்பட்ட பாதுகாப்புக் கருவியைப் பயன்படுத்துவது அதே சட்டப்படி தொழிலாளியின் கடமை. "கொடுத்தோம், அவன்தான் போடவில்லை" என்று முதலாளி தப்பிக்க நாம் வழிவிடக் கூடாது.

3. அபராதச் சீட்டு கொடுத்தால் பதறாதீர்கள். கம்பவுண்ட் என்பது நீதிமன்றத் தீர்ப்பு அல்ல. வழக்கில்லாமல் முடித்துக்கொள்ள அரசு தரும் வாய்ப்பு. குறைக்கச் சொல்லி மனுக் கொடுக்கலாம். தவறே செய்யவில்லை என்றால் கட்ட மறுத்து நீதிமன்றத்தில் வாதாடலாம். அங்கே குற்றத்தை நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. ஆனால் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். வழக்கு உங்களைத் தேடி வரும். இடம், நேரம், சாட்சி ஆகியவற்றை உடனே எழுதி வையுங்கள். வக்கீலுக்குக் காசில்லை என்றால் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை நாடுங்கள்.

4. கவரியைச் சாக்காக வைத்து யாராவது இனத்தைச் சொல்லித் திட்டினால் கை நீட்டாதீர்கள். முடிந்தால் பதிவு செய்யுங்கள், போலீசில் புகார் கொடுங்கள், புகாரின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.

5. காய்ச்சலோ இருமலோ இருந்தால், சட்டம் கேட்காவிட்டாலும் அணியுங்கள். கோயிலிலும் பஸ்ஸிலும் ஒருவர் இன்றைக்கும் அணிந்திருந்தால் கேலி செய்யாதீர்கள். அவர் வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது.

அரசிடம் நாம் வைக்கும் கோரிக்கையும் எளிமையானது. எந்தப் பாதுகாப்புக் கருவியைக் கட்டாயமாக்கினாலும், அந்தக் கட்டாயம் நடைமுறைக்கு வரும் நாளுக்கு முன்பே அது ஏழைக் குடும்பங்களின் கையில் இலவசமாக இருக்க வேண்டும். அதைப் பற்றிய விளக்கம் தமிழிலும் வர வேண்டும். அபராதம் வருமானத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். அமைச்சருக்கும் அடுக்குமாடிக்காரனுக்கும் ஒரே படிவம் நீட்டப்பட வேண்டும்.

வாசகர்களே, அடுத்த தடவை உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் கூட்டத்துக்கு வந்தால், இந்த நான்கையும் அவரிடம் கேளுங்கள். தனியாகக் கேட்காதீர்கள். அன்றைக்கு முகக்கவரிக்காக உங்களோடு சண்டை போட்ட பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள்.